மீன் வறுக்க எதற்கு அவ்வளவு எண்ணெய்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த மீன் வறுவல் குறிப்பைப் படித்தேன். வஞ்சிரம்தான் வேண்டுமாம், சோளமாவு, மைதா, முட்டை, கொஞ்சம் சிவப்புக் கலர் பவுடர், அப்புறம் மீன் முழுகுகிற அளவுக்கு எண்ணெய். புதிதாகச் சமைக்க வருகிற பிள்ளைகள் இதைப் படித்தால் மீன் நமக்குச் சரிப்படாது என்று கடையில் ஆர்டர் போட்டுவிடுவார்கள். அதுதான் எனக்கு வருத்தம். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் வீடுகளில் அன்றாடம் நடப்பது தோசைக்கல் வறுவல், அதற்கு நாலைந்து ஸ்பூன் எண்ணெய் தாராளம்.

வஞ்சிரம் நல்ல மீன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த விலைக்கு ஒரு குடும்பம் எத்தனை தடவை வாங்க முடியும்? சாளையும் அயிலையும் கல்லில் போட்டால் அவற்றின் கொழுப்பே பாதி எண்ணெய் வேலையைப் பார்த்துவிடும், இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்கிற ஒமேகா 3 அந்தக் கொழுப்பில்தான் இருக்கிறது. சங்கராவும் அருமையாக வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதும் நாட்டுப் படகுக்காரர்கள் இந்த மாதிரி மீன்களைக் கொண்டுவருகிறார்கள், அவர்களிடம் வாங்கலாமே.

உங்கள் குறிப்பில் இல்லாத முக்கியமான விஷயம் ஈரம். மீனை ஆய்ந்து கல் உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவியதும், நீரை நன்றாக வடியவிட்டு, சுத்தமான துணியால் வயிற்றுக்குள்ளும் சேர்த்து ஒற்றி எடுக்க வேண்டும். மேலே தண்ணீர் இருக்கும் வரை கல்லின் சூடு முழுக்க அதை ஆவியாக்கவே போய்விடும், மீனின் மேல்பக்கம் 100 டிகிரியைத் தாண்டாது, சிவந்து மொறுமொறுவென்று வருவதற்கோ 140 டிகிரியாவது வேண்டும். ஈர மீன் வெந்து குழைந்து கல்லோடு ஒட்டிக்கொள்வது இதனால்தான். மாவு போட்டு இதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. மசாலாவும் கெட்டியாக இருக்கட்டும்: மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, உப்பு, சின்ன வெங்காயமும் பூண்டும் சோம்பும் அரைத்த விழுது, கொஞ்சம் புளிக்கரைசல். மீனின் மேல் கீறிவிட்டு, அந்தக் கீறலுக்குள் மசாலாவை விரலால் அழுத்தித் தடவி அரைமணி நேரம் விட்டால் போதும்.

கலர் பவுடர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கர்நாடகத்தில் 2024 ஜூனில் கோழி, மீன் கபாப்களில் செயற்கை நிறம் சேர்ப்பதையே தடை செய்துவிட்டார்கள். வீட்டுச் சமையலுக்கு அதை எழுதுவது என்ன நியாயம்? காஷ்மீரி மிளகாய்த்தூள் போட்டால் அதைவிட நல்ல சிவப்பு வரும், காரமும் குறைவு.

இனி கல். பழகிய இரும்புக் கல்லாக இருக்க வேண்டும், தோசைக்கு வாடை ஏறாமல் இருக்கப் பல வீடுகளில் மீனுக்கென்று தனிக் கல்லே வைத்திருப்பார்கள். கல் நன்றாகக் காய்ந்த பிறகு நல்லெண்ணெய் விட்டு, கறிவேப்பிலையைப் பரப்பி, அதன்மேல் மீனை இடைவெளி விட்டு அடுக்கி, தீயை நடுத்தரமாக்கிவிட்டு, தயவுசெய்து சும்மா இருங்கள். முதலில் சடசடவென்று சத்தம் வரும், ஈரம் போகப் போக அது அடங்கும். அப்போது தோசைத்திருப்பியை ஓரத்தில் நுழைத்துப் பாருங்கள், அடிப்பக்கம் தானாகவே கல்லை விட்டு எழும்பி வரும். எழும்பவில்லை என்றால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம், குத்தி நெம்பினால் தோல் கல்லிலும் சதை தட்டிலுமாகப் போய்விடும். ஒரே ஒரு தடவை திருப்பினால் போதும். பிறகு ஓரத்தில் இன்னொரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, முள்ளை ஒட்டிய சதை வெள்ளையாகிப் பிரிந்து வரும் வரை வைத்தால் சரி.

உங்கள் குறிப்பில் 'ஒவ்வொரு பக்கமும் 3 நிமிடம்' என்று இருந்தது. சாளையும் சங்கராவும் ஒரே பருமனா? அடுப்பும் கல்லும்தான் வீட்டுக்கு வீடு ஒன்றா? நிமிடக் கணக்கு போடட்டும், கூடவே எதைப் பார்த்துத் திருப்ப வேண்டும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு ஒரு சாளை வறுவலுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தூத்துக்குடி