எலியட்ஸ் கடற்கரையில் நின்று பார்க்கும் தம்பிகளுக்கு

தம்பிகளே,

காலை வேளையில் ஷ்மிட் நினைவு மண்டபத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே, கையில் போனோடு இரண்டு மூன்று பேராக நிற்பீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடமாக சென்னை பெசன்ட் நகரில் குடியிருக்கிறேன். அரைக்கால் சட்டையோடு மிளகாய் பஜ்ஜிக்கு அழுத நாளிலிருந்தே உங்களில் சிலரை நான் பார்த்திருக்கக்கூடும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன கார்த்திகையில் மகளைப் பார்க்க சிட்னி போயிருந்தேன். அங்கே அப்போதுதான் கோடை தொடக்கம். ஒரு நாள் படகில் வாட்சன்ஸ் பே என்ற இடத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்து கேம்ப் கோவ் என்ற சின்னக் கடற்கரையைத் தாண்டி, பழைய பீரங்கி ஒன்று நிற்கும் பாதையில் ஏறி நடந்தால், கடைசியில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஹார்ன்பி கலங்கரை விளக்கம் வரும். 1858இல் கட்டியது. அதைப் பார்க்கத்தான் கிளம்பினோம். பாதி வழியில் பாறைக்குக் கீழே ஒரு கைக்குட்டை அளவு மணல் தெரிந்தது. "அம்மா, கீழே பார்க்காதே" என்றாள் மகள். அப்படிச் சொன்னால் யார் பார்க்காமல் இருப்பார்கள்?

அதன் பெயர் லேடி பே. உடுத்தினாலும் சரி, உடுத்தாவிட்டாலும் சரி என்று 1976இல், நெவில் ரான் அந்த மாநிலத்துக்கு முதல்வராக இருந்தபோது, சட்டப்படியே அனுமதி கொடுத்த கடற்கரை. படி இறங்கிப் போனோம். ஏன் போனாய் என்று என் தங்கை இன்றைக்கும் கேட்கிறாள். கால் நனைக்கத்தான். உடை கட்டாயமில்லை என்றால் உடுத்திக்கொண்டு போகவும் தடையில்லையே!

சுடிதாரைக் கணுக்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்தேன். துறைமுகத்தின் உள்பக்கம் என்பதால் பெரிய அலை இல்லை, நம் கடல் மாதிரி இழுக்கவும் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பெரும்பாலும் ஆண்கள், அதிலும் வயதானவர்கள். எனக்கு நாலடி தள்ளி எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். தலையில் தொப்பி, மூக்கில் கண்ணாடி, மடியில் செய்தித்தாள், அவ்வளவுதான். குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து குட் மார்னிங் சொன்னார், மறுபடி கட்டங்களுக்குள் போய்விட்டார். வயிற்றில் ஒரு ஆபரேஷன் தழும்பு. என் வீட்டுக்காரருக்கும் அதே இடத்தில்தான் இருந்தது.

அரை மணி நேரம் இருந்திருப்போம். ஒருவர் நீந்தினார், ஒருவர் தூங்கினார், ஒருவர் ஆரஞ்சுப் பழம் உரித்தார். சுற்றி இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நான். மகள் தொடையில் கிள்ளினாள். "வெறிச்சுப் பார்க்காதேம்மா, அசிங்கமா இருக்கு." அத்தனை பேர் துணியில்லாமல் இருந்த இடத்தில், கழுத்து முதல் கணுக்கால் வரை மூடியிருந்த நான்தான் அசிங்கம். முகம் சூடாகிவிட்டது. ஆகவே தம்பிகளே, உங்கள் நிலைமை எனக்குப் புரியாதது இல்லை. நீங்கள் நிற்கும் இடத்தில் நானும் கொஞ்ச நேரம் நின்றவள்தான்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். போன மாதம் தை அமாவாசை. கோயம்புத்தூரிலிருந்து தங்கை வந்திருந்தாள். கடலில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நூல் சேலை, உள்பாவாடை, முழங்கை வரை ரவிக்கை, முந்தானைக்கு இரண்டு ஊக்கு. முதல் அலை முழங்காலுக்கு வந்தது. அடுத்தது ஆளையே கவிழ்த்துவிட்டது. எழுந்து நின்றபோது கொசுவத்துக்குள் ஒரு படி மணல். நனைந்த நூல் சேலை என்ன கனம் கனக்கும் என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அவள் ஒரு கையால் கொசுவத்தையும் மறு கையால் மாராப்பையும் பிடித்துக்கொண்டு, முகத்தில் வழியும் உப்புத் தண்ணீரைத் துடைக்கக் கையில்லாமல் நின்றாள். நான் அவள் தோளைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தால் எங்களை நோக்கி மூன்று போன்கள். ஒன்று அலையைப் படம் எடுத்ததாகவே வைத்துக்கொள்வோம்.

மாற்றுச் சேலை உடுத்துவதற்காக நானும், பக்கத்தில் முழுகிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் ஒரு சேலையை விரித்துப் பிடித்தோம். முன்பின் தெரியாதவர்கள். கடற்கரையில் திரை பிடிக்க அறிமுகம் தேவையில்லை, ஒரு பார்வை போதும். மூன்று பக்கம் அடைந்தது. நாலாவது பக்கம் கடல். உங்களில் ஒருவர், நீலச் சட்டை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி அந்த நாலாவது பக்கத்துக்கு வந்தார். இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம், தம்பி.

பலூன் சுடும் கடைக்காரர் அப்போதுதான் கடை போட்டுக்கொண்டிருந்தார். பலூன் கட்டிய துணியை அப்படியே கழற்றி எடுத்து வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டித் தண்ணீரில் நின்று, துணியின் இரண்டு முனையையும் தோளுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார். அதில் பாதிப் பலூன் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. என் தங்கை சிவப்பும் மஞ்சளுமான பலூன்களுக்குப் பின்னால் நின்று அழுகையும் சிரிப்புமாகச் சேலை கட்டினாள்.

எலியட்ஸில் ஒரு லேடி பே திறக்கச் சொல்லி எழுதுகிறேன் என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட வேண்டாம். 'அது வெள்ளைக்காரன் கலாச்சாரம் ஆன்ட்டி' என்றும் சொல்ல வேண்டாம். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோதுகூட சிட்னியில் பட்டப்பகலில் கடலில் குளிக்கத் தடை இருந்தது. 1907இல், ஆண்களும் பாவாடை மாதிரி தொங்கும் நீச்சலுடை போட வேண்டும் என்று நகராட்சிகள் கிளம்பின. ஆண்கள் நிஜமாகவே பாவாடைகளைக் கட்டிக்கொண்டு பாண்டை கடற்கரைக்கு வந்து கேலி செய்தார்கள். நீச்சலுடை தொடையில் எத்தனை அங்குலம் இறங்க வேண்டும் என்ற விதி 1961 வரை இருந்தது. அளந்து பார்க்க ஆளும் இருந்தார்கள்.

நம் பக்கத்தையே பாருங்கள். ஆடி மாதம் பெரியபாளையத்தில் வேப்பஞ்சேலை கட்டி அம்மனை வலம் வருவார்கள். இப்போது பலர் உள்ளே துணியோடுதான் கட்டுகிறார்கள். என் பாட்டி காலத்தில் வெறும் வேப்பிலைதான். பாட்டி அதைச் சொல்லும்போது இலை குத்தியதையும் எறும்பு கடித்ததையும்தான் சொல்வாள். யார் பார்த்தார்கள் என்ற பேச்சே அந்தக் கதையில் வராது. அவ்வளவு தூரம் போவானேன், ஊரூர் குப்பத்தில் பெரியவர் ஒருவர் இடுப்பில் துண்டோடு வலை பிரிக்கிறார். அவரை நீங்கள் படம் எடுத்து நான் பார்த்ததில்லை.

உடை மாற்றும் அறை கட்டச் சொல்லி எழுதலாமே என்றாள் மகள். எழுதலாம். சுத்தமான கடற்கரைக்குக் கொடுக்கும் நீலக்கொடிச் சான்றை 2021இல் வாங்கிய நம் சென்னைப் பக்கத்துக் கோவளத்தில் அறை, குழாய் எல்லாம் இருக்கிறது, நல்ல விஷயம்தான். ஆனால் அறைக்கும் தண்ணீருக்கும் நடுவே நடக்க மணல் இருக்கிறதே, அந்த மணலில் நிற்பது நீங்கள்தானே?

அப்புறம், சட்டமும் இருக்கிறது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பி ஒரு பெண் உடை மாற்றும்போது எட்டிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கே குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறை. போலீசுக்குப் போகலாம் என்றுதான் நினைத்தேன். தங்கை வேண்டாம் என்றுவிட்டாள்.

நீங்கள் சாய்ந்து நிற்கும் அந்த வெள்ளை மண்டபம், 1930இல் இதே கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் மூழ்கிய டென்மார்க்காரர் ஒருவருக்காகக் கட்டியது. எழுதியிருக்கிறது, படித்துப் பாருங்கள். போன் கையில் இருக்கும்போது படிக்க நேரம் இருக்காதுதான்.

மாசி மகத்துக்கு நாங்கள் வருகிறோம். மகளும் லீவில் வருகிறாள். தங்கைக்கு இந்த முறை சின்தடிக் சேலை வாங்கியாகிவிட்டது, ஊக்கும் நாலு கூடுதல். திரைக்கு என் வீட்டுக்காரரின் வேட்டி ஒன்று வைத்திருக்கிறேன், எட்டு முழம். பலூன்காரருக்கு அன்றைக்கு வியாபாரம் இருக்கும், அவரைத் தொந்தரவு செய்ய முடியாது. நாலாவது பக்கத்துக்கு ஓர் ஆள் குறையும். நீலச் சட்டைத் தம்பி, முழங்கால் தண்ணீரில் நின்று உங்களுக்குப் பழக்கம் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு வந்தால், கடலைப் பார்த்து நில்லுங்கள்.

இப்படிக்கு,
பெசன்ட் நகர்க்காரி ஒருத்தி