பிள்ளை பெற்ற பிறகும் பிரஷர் பாருங்கள்

தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். மாசமாக இருக்கும்போது நடக்கும் பரிசோதனைகளில் எனக்குப் பெரிய குறை இல்லை. கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொரு முறையும் பிரஷர் பார்க்கிறார். சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதிக்கிறார். 140/90-ஐத் தொட்டால் டாக்டரிடம் அனுப்புகிறார். சிக்கல் பிரசவத்துக்குப் பிறகுதான்.

குழந்தை பிறந்துவிட்டால் பிரஷர் தானாக இறங்கிவிடும் என்று நம்புகிறோம். இறங்கும்தான், ஆனால் உடனே இல்லை. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் அது உச்சத்துக்குப் போகிறது. சுகப்பிரசவம் என்றால் அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கர்ப்பத்தில் பிரஷரே இல்லாதவருக்கும் இந்த நாட்களில் புதிதாக வரலாம். வலிப்பு வரை போகலாம்.

வீட்டில் என்ன நடக்கிறது? தலைவலி என்றால் "ராத்திரியெல்லாம் கண் முழிச்சா வராதா?" என்று தைலம் தேய்ப்பார்கள். கால் வீங்கினால் "நீர் கோத்திருக்கு, தண்ணியைக் குறைச்சுக்கோ" என்பார்கள். எங்கள் உறவுக்காரப் பெண்ணுக்கு ஐந்தாம் நாள் தலைவலியோடு கண்ணும் மங்கியது. சுக்குக் கஷாயம் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் பிரஷர் மிஷினைக் கொண்டுவந்து கட்டிப் பார்த்தார்: 170/110. உடனே 108-ஐக் கூப்பிட்டார்கள், பிழைத்துக்கொண்டாள். அவளுடைய டிஸ்சார்ஜ் சீட்டில் தையல், தடுப்பூசி எல்லாம் இருந்தன. பிரஷர் பற்றி ஒரு வரி இல்லை.

இன்னொன்று. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். பதிவு செய்தது புகுந்த ஊரில், பிள்ளை பெற்றுப் படுத்திருப்பது பிறந்த ஊரில். எந்த ஊர் செவிலியர் போய்ப் பார்ப்பது?

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் பிரஷர் மிஷினோடு அதே தெருக்களில்தான் போகிறார்கள். தாத்தா பாட்டிக்குக் கட்டும் அந்த மிஷினை, அதே வீட்டில் பச்சை உடம்போடு இருப்பவளுக்கும் ஐந்தாம் நாள் ஒருமுறை, பத்தாம் நாள் ஒருமுறை கட்டச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆன தகவல், அவள் போய்த் தங்கும் ஊரின் செவிலியருக்கு அன்றே கிடைக்கட்டும். கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சுத்திணறல் வந்தால் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று சீட்டில் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். மாமியாருக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டியே அனுப்புங்கள்.

இதற்கென்று புதிதாக ஒரு பதிவேடு மட்டும் வேண்டாம். இருப்பதை எழுதியே செவிலியர்கள் ஓய்ந்துபோகிறார்கள்.

இப்படிக்கு,
பேறுகாலப் பெண்ணின் உறவுக்காரி ஒருத்தி