தக்காளித் தண்ணிய கொட்டிராத பாப்பா

பாப்பா,

நேத்து வீடியோ கால்ல நீ காட்டுன அந்த டப்பா சாலட பாத்ததுல இருந்து எனக்கு மனசே கேக்கல. ஏதென்ஸ்ல இருந்துகிட்டு, அதுவும் ஆகஸ்ட் மாசத்துல, டப்பால அடச்ச லெட்டூஸ் எலைய திங்கிறியே. இப்ப அந்த ஊர் தக்காளி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா, கப்பல்ல சமையல் பாத்த காலத்துல பிரேயஸ் துறைமுகத்துல எத்தன தடவ எறங்கி கூடைகூடையா வாங்கிருக்கேன்.

அங்க தக்காளி போட்டு செய்யுற சாலடுக்கு ஹோரியாத்திகின்னு பேரு, கிராமத்து சாலட்னு அர்த்தம். அதுல லெட்டூஸே கிடையாது. மொத தடவ நான் செஞ்சப்ப நம்ம பச்சடிக்கு நறுக்குற மாதிரி எல்லாத்தையும் பொடிசா நறுக்கி, ஃபெட்டாங்குற சீஸயும் உதுத்துப்போட்டு கிளறிக் குடுத்துட்டேன். கேப்டன் கிரேக்கத்துக்காரர், வயசானவர், ஒண்ணும் சொல்லாம சாப்ட்டுட்டு நேரா கிச்சனுக்கு வந்தார். ஒரு தக்காளிய கையில எடுத்தார், பலகை கிலகை எதுவும் இல்ல, கிண்ணத்துக்கு மேல புடிச்சுகிட்டு கத்திய உள்ளுக்கு இழுத்து துண்டு துண்டா விழ வச்சார், சாறு ஒரு சொட்டு வெளிய போகல. அதுக்கப்புறம் நான் பலகையில தக்காளி வெட்டுனதே இல்ல.

நீயும் அப்படியே வெட்டு, ஆனா கை பத்திரம். மூணு பெரிய தக்காளி போதும், ஃப்ரிட்ஜ்ல வைக்காதது. வெட்டுன ஒடனே அது மேல மட்டும் கொஞ்சம் உப்பு போட்டு பத்து நிமிஷம் விட்டுரு, தண்ணி விடும், அந்தத் தண்ணிதான்மா எல்லாமே. அந்த நேரத்துல வெங்காயத்த வளையமா சீவி பச்சத்தண்ணில போட்டு வை, காரம் போயிரும். வெள்ளரிக்கா தடிமனா, பச்ச குடமிளகா வளையமா, கூட ஒரு கை கலமாத்தாங்குற கருப்பு ஆலிவ் காய், உள்ள கொட்டை இருக்கும் பாத்துக்கடி.

ஃபெட்டா வாங்கும்போது மட்டும் லேபிளப் படி. 2002ல இருந்து ஐரோப்பிய யூனியன்ல அந்தப் பேரு கிரேக்கத்துக்குத்தான், செம்மறியாட்டுப் பால்ல செய்யணும், வெள்ளாட்டுப்பால் 30 சதவீதம் வரைக்கும் சேக்கலாம், மாட்டுப்பால்னு போட்டிருந்தா அது ஃபெட்டா இல்ல. உதுக்காத, கனமா ஒரு பாளம் அப்படியே மேல வை. காஞ்ச ஓரிகானோ எலைய உள்ளங்கையில கசக்கி அது மேல தூவு, வாசன வரும், அப்புறம் ஆலிவ் எண்ணெய தாராளமா ஊத்து, கணக்குப் பாக்காத. எலுமிச்சம்பழம் எல்லாம் வேண்டாம். மிஞ்சுன ஃபெட்டாவ உப்புத்தண்ணிலயே போட்டு வை, வெளிய எடுத்து வச்சா காஞ்சுரும்.

கடைசில கிண்ணத்து அடில எண்ணெயும் தக்காளிச்சாறும் ஃபெட்டா தூளும் கலந்து கெடக்கும்ல, அத ரொட்டியப் பிச்சு தொட்டு எடுக்கணும், அதுக்கு பாபாரான்னே ஒரு பேரு வச்சிருக்காங்க. நான் இங்க பனீர் போட்டு உங்க அம்மாவுக்கு செஞ்சு குடுத்தேன், ரசிச்சுத்தான் சாப்ட்டா, ஆனா அந்த உப்பும் புளிப்பும் பனீர்ல எங்க வரும்.

உங்க ஏரியாவுல வாரத்துல ஒருநா தெருவுலயே லைகின்னு காய்கறிச் சந்தை போடுவாங்க, என்ன கெழமைன்னு பக்கத்து வீட்ல கேளு. மத்தியானம் கட போட்டவங்க மூட்டை கட்டுற நேரத்துக்குப் போனா வெல எறங்கும். அங்க கிளிஸ்ட்ரீடான்னு ஒரு கீர இருந்தா ஒரு கட்டு வாங்கு, நம்ம பருப்புக்கீரதான் அது, அவங்க பச்சையாவே இதுல போடுவாங்க.

செஞ்சிட்டு கூப்புடு, அம்மாவும் பாக்கணுமாம்.

அப்பா