ஆண்டின் புத்தகம் அந்த ஆண்டில்தான் பிறக்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் ஆண்டிறுதிச் சிறப்புப் பகுதியில் 2024ஆம் ஆண்டின் சிறந்த நூல்களையும் சிறந்த தொலைக்காட்சித் தொடர்களையும் தனித்தனிப் பட்டியல்களாக வெளியிட்டிருந்தீர்கள். இரண்டையும் வரி விடாமல் படித்தேன். பொது நூலகம் ஒன்றின் நூல் வழங்கும் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது இந்தப் பட்டியல்களோடு எனக்கு ஒரு கருத்து மாறுபாடு உண்டு. நூல் பட்டியலில் அந்த ஆண்டில் அச்சேறியவற்றுக்கு மட்டுமே இடம் தந்திருக்கிறீர்கள். தொடர் பட்டியலில் உள்ளவற்றில் சில, நாவல்களிலிருந்து உருவானவை. ஆயினும் அந்த நாவல்களின் பெயரோ எழுதியவரின் பெயரோ எங்கும் இல்லை. எங்கள் மேசைக்கு வந்துபோன வாசகர்களுக்கு நூலும் தொடரும் இப்படித் தனித்தனியாக இருக்கவில்லை. எனக்கும் அப்படித்தான். அதனால் இந்த ஆண்டில் என் மனத்தில் நின்றவற்றை, அவை எப்படி வந்து சேர்ந்தன என்பதோடு சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

ஜேம்ஸ் கிளாவெல் எழுதிய ‘ஷோகன்’ 1975இல் வெளிவந்த நாவல். ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். எங்களிடம் இருந்த ஒரே படியின் முதுகு விட்டுப்போய், நூல் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் கடைசி முத்திரை ஆறு ஆண்டுகளுக்கு முந்தையது. கழித்துவிட வேண்டிய நூல்களைப் பிரித்தெடுக்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பது இந்தச் சீட்டைத்தான். 2023ஆம் ஆண்டின் இறுதியில் நானே அந்த நூலைக் கழிவுப் பட்டியலில் எழுதி வைத்திருந்தேன். 2024 பிப்ரவரி இறுதியில் புதிய தொடர் வெளியானது. மார்ச் மாதம் முடிவதற்குள் அந்த நூலுக்கு ஏழு பேர் முன்பதிவு செய்திருந்தார்கள். பட்டியலில் எழுதிய வரியை அடித்துவிட்டு, நூலைக் கட்டுக்கு அனுப்பி, கெட்டி அட்டை போட்டு வாங்கினோம். அந்த வரிசையில் எட்டாவதாக என் பெயரையும் சேர்த்துக்கொண்டேன்.

நாவலையும் தொடரையும் அடுத்தடுத்து அணுகியவர்களுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருக்கும். 1600ஆம் ஆண்டில் ஜப்பானியக் கரையில் ஒதுங்கும் ஆங்கிலேய மாலுமியின் கதை அது. 1980இல் இதே நாவல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது ஜப்பானியர்கள் பேசியதில் பெரும்பகுதிக்கு வசன வரிகளே தரப்படவில்லை. மாலுமிக்குப் புரியாதது பார்ப்பவருக்கும் புரியக் கூடாது என்று எண்ணிச் செய்தார்கள். ஆனால் நாவல் அப்படி எழுதப்பட்டதல்ல. அது ஜப்பானியப் பிரபுக்களின் மனத்துக்குள்ளும், மொழிபெயர்ப்பாளராக வரும் மரிகோவின் மனத்துக்குள்ளும் தாராளமாகப் போய்வரும். 2024இன் தொடர் பெரும்பகுதி ஜப்பானிய மொழியிலேயே அமைந்து, ஒருவர் சொன்னதை மரிகோ எப்படி மாற்றிச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதை நம் கண்முன்னே வைக்கிறது. இவ்வகையில் முந்தைய தொடரைவிட இதுவே நாவலுக்கு நெருங்கி நிற்கிறது என்பது என் கருத்து. பத்தே பகுதிகள் கொண்ட இத்தொடர் ஒரே பருவத்துக்கு அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருதுகள் பதினெட்டைப் பெற்றது. ஆங்கிலம் அல்லாத மொழியில் பெரும்பகுதி அமைந்த ஒரு தொடர் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மியை வென்றது அதுவே முதல் முறை. நாவல் அந்தப் புகழுக்கு முன்பே ஓரிடத்தில் காத்திருந்தது. அதன் பெயரையும் ஒரு வரியில் சொல்லியிருக்கலாமே என்பதுதான் என் குறை.

இரண்டாவதாகச் சொல்ல வேண்டியது ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’. காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1967இல் வெளியிட்ட இந்த நாவலைத் திரைக்குத் தர அவர் உயிரோடு இருந்தவரை இசையவில்லை. 2014இல் அவர் மறைந்த பின், குடும்பத்தாரின் ஒப்புதலோடு, ஸ்பானிய மொழியிலேயே கொலம்பியாவில் படமாக்கப்பட்ட தொடரின் முதல் எட்டுப் பகுதிகள் 2024 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தன. நாவலின் தமிழாக்கம் எங்கள் அடுக்கில் இருந்தது. தொடர் வெளியான வாரத்திலேயே அதை எடுத்துச்சென்ற ஒருவர் ஜனவரி முதல் வாரத்தில் திருப்பித் தந்தார். வழக்கம்போலப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தபோது நாலாக மடித்த ஒரு கோடு போட்ட தாள் கிடைத்தது. அதில் நாவலின் மையமான புயேந்தியா குடும்பத்தின் கொடிவழியை அவர் பேனாவால் வரைந்திருந்தார். அவுரேலியானோ, ஹோசே அர்காதியோ என்ற பெயர்கள் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்ப வருவதால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு சொல்: ‘தங்கமீன்’, ‘கப்பல்’, ‘கஷ்கொட்டை மரம்’. அவர்களில் ஒருவரான கர்னல் அவுரேலியானோவின் பதினேழு பிள்ளைகளுக்கும் பதினேழு சிறு கோடுகள். இரண்டு இடங்களில் கோட்டை அடித்துத் திருத்தியிருந்தார். ஒரு நூலை ஒருவர் எவ்வளவு ஊன்றிப் படித்தார் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்றை நான் கண்டதில்லை. தொலைபேசியில் அழைத்துத் தாளைப் பற்றிச் சொன்னேன். “அடுத்துப் படிப்பவருக்கு உதவும் என்றுதான் வைத்தேன்” என்றார். இப்போது அது நூலின் பின்னட்டையில் ஒட்டிய உறைக்குள் இருக்கிறது.

தொடர், கதையைப் பெரும்பாலும் கால வரிசையில் சொல்கிறது. நாவலோ ஒரே வாக்கியத்துக்குள் எதிர்காலத்திலிருந்து இறந்தகாலத்துக்குப் போய்விடும். அந்த வாக்கியங்களின் சுழற்சி திரையில் வராது என்று நான் அஞ்சியது ஓரளவு உண்மைதான். ஆயினும் அக்குடும்பத்தின் மூதாயான உர்சுலாவின் வீடு அறை அறையாக வளர்வதைக் கண்ணால் பார்த்த பிறகு, நாவலில் நான் வேகமாகக் கடந்துபோயிருந்த சில பக்கங்களை மீண்டும் எடுத்து நிதானமாகப் படித்தேன். ஒரு தொடர் ஒரு நூலுக்குச் செய்யக்கூடிய நன்மை அது.

2024 அக்டோபரில் கொரிய எழுத்தாளர் ஹான் காங்குக்கு இலக்கிய நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட அன்று பிற்பகலில், ‘மரக்கறி’ என்ற பெயரில் தமிழில் வந்திருக்கும் அவருடைய நாவல் அடுக்கில் இல்லை, எடுத்துப் போய்விட்டார்கள். கொரிய மொழியில் அது வெளியானது 2007இல். ஆங்கில வழியாக 2016இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது. இலக்கிய நோபலைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவர். தங்கள் கணக்கின்படி இது 2024இன் நூலே அல்ல. ஆனால் இரவல் பதிவேட்டில் இதற்கு இணையாக ஓடிய புதிய நாவல் வேறெதுவும் இல்லை. இறைச்சி உண்பதை நிறுத்திவிடும் ஒரு பெண்ணின் கதையைக் கணவன், அக்காளின் கணவன், அக்காள் என மூவரின் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே போய், அவளுடைய குரலை மட்டும் கனவுத் துணுக்குகளில் ஒளித்து வைத்திருக்கும் அந்தக் கட்டமைப்பு, படித்து முடித்துப் பல வாரங்களுக்குப் பிறகும் என்னை விடவில்லை. திருப்பித் தரும்போது எங்களிடம் நின்று பேசியவர்களில் பாதிப் பேர் அந்தக் கணவனைப் பற்றிக் கோபத்தோடு பேசினார்கள்.

இந்த ஆண்டில் நான் மிகவும் நேசித்த நூல் எது என்று கேட்டால் சமந்தா ஹார்வியின் ‘ஆர்பிட்டல்’ என்றே சொல்வேன். நூற்றைம்பது பக்கத்துக்கும் குறைவு. விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஆறு பேர், ஒரே ஒரு நாள், பூமியைச் சுற்றிப் பதினாறு வலம், அத்தனை முறை விடியல். கதை என்று சொல்லத்தக்க நிகழ்ச்சிகள் மிகக் குறைவு. கீழே ஒரு சூறாவளி திரண்டு கரையை நெருங்குகிறது, மேலே ஒருத்திக்குத் தாய் இறந்த செய்தி வருகிறது, திரும்பிப் போக வழியில்லை. அந்தப் பெண் தன் தாயின் இருப்பிடத்தின் மேலாக மறுபடி மறுபடி பறந்துகொண்டிருக்கிறாள் என்பதை ஆசிரியர் ஆரவாரமே இல்லாமல் எழுதியிருக்கிறார். 2024இன் புக்கர் பரிசைப் பெற்ற இந்த நாவலும் முதலில் வெளியானது 2023இல்தான் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். இரவில் தொடர் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டு நான்கு நாள் இதைப் படித்தேன். அப்படிச் செய்ய வைத்த நூல் அண்மையில் வேறில்லை.

தங்கள் பட்டியலில் முதலிடம் பெற்ற ‘3 பாடி பிராப்ளம்’ தொடரைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. லியு சிஷினின் சீன நாவலை எட்டுப் பகுதிகளில் அடக்க முயன்றதில் அறிவியல் விளக்கங்கள் ஓட்டமாக ஓடிவிட்டன. நாவலைப் படித்திராதவர்கள் அதைக் கேட்டு வந்தார்கள் என்பதே எனக்கு மகிழ்ச்சி.

நூலகத் துறையினர் அனைவரும் போற்றும் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வகுத்துத் தந்த ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் உண்டு என்பது. நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. தொடரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பலர் ஒரு நடிகரின் முகத்தையும் ஒரு காட்சியையும் மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேசைக்கு வருகிறார்கள். “கப்பல் உடைந்து ஜப்பானுக்குப் போவாரே, அந்தக் கதை” என்று கேட்டவருக்கு நூலை எடுத்துத் தர எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. ஆனால் கேட்கத் தயங்கி அடுக்குகளிடையே சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் எத்தனை பேரோ!

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த ஆண்டு தொடர்களைப் பட்டியலிடும்போது, நாவலிலிருந்து வந்தவற்றுக்கு அருகில் மூல நூலின் பெயர், எழுதியவர், தமிழில் இருந்தால் மொழிபெயர்த்தவர் ஆகியவற்றை ஒரே ஒரு வரியில் சேர்த்துத் தாருங்கள். நூல் பட்டியலிலும், வெளிவந்த ஆண்டைப் பாராமல் அந்த ஆண்டில் பலரும் தேடிப் படித்த பழைய நூல்களுக்கு ஒரு சிறு பகுதி ஒதுக்குங்கள். தங்கள் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இந்த மாதம் எங்களிடம் வந்தவர்கள் ஐந்தாறு பேர். அந்தத் துண்டில் நூலின் பெயர் இருந்துவிட்டால், எடுத்துத் தரும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் நெடுநாள் வாசகராகிய ஒரு நூலகர்