சுத்திகரிப்புப் பிரிவில் சேர்ந்த மகளுக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

பெங்களூர் இன்சுலின் ஆலையில் உன்னை, பாக்டீரியாவை வளர்க்கும் நொதிகலன் பிரிவில் சேர்க்காமல், மருந்தைப் பிரித்தெடுக்கும் சுத்திகரிப்புப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வருத்தத்துடன் எழுதியிருந்தாய். எனக்கு அதில் மகிழ்ச்சிதான்.

கோபியில் நம் உயிர் உரக் கூடத்தில் சூடோமோனாஸ், அசோஸ்பைரில்லம் ஆகிய பாக்டீரியாக்கள் வளர்வதைப் பார்த்தே நீ வளர்ந்தாய். இங்கே உயிருள்ள பாக்டீரியாதான் சரக்கு. திரவ உயிர் உரத்தில் ஒரு மில்லிக்குக் குறைந்தது 10 கோடி உயிரணுக்கள் இருக்க வேண்டும் என்பது அரசு விதி. அந்த எண்ணிக்கை இருந்து, வேற்றுக் கிருமியும் கலக்காதிருந்தால் மஞ்சள் விவசாயி நம்பி வாங்கிப் போகலாம். உன் வேலை இதற்கு நேர் எதிரானது. ஈ.கோலை என்ற பாக்டீரியா உருவாக்கிய இன்சுலின் வேண்டும்; அதை உருவாக்கிய ஈ.கோலையின் எச்சம் மருந்தில் தங்கக் கூடாது.

ஈ.கோலைக்குள் இன்சுலின் போன்ற வேற்றுப் புரதம் மிகுதியாக உருவாகும்போது, பெரும்பாலும் அது சரியாக மடியாமல் கரையாத திரள்களாகத் தேங்கிவிடுகிறது. செல்லை உடைத்து, அந்தத் திரள்களைக் கரைத்து, மூன்று கந்தகப் பிணைப்புகளும் உரிய இடத்தில் அமையும்படி மீண்டும் மடியச் செய்து, வேண்டாத பகுதியை நொதியால் வெட்டி நீக்கிய பிறகுதான், பிசின் மணிகள் நிரப்பிய கலனில் செலுத்திப் புரதத்தைத் தனியே பிரிக்கும் குரோமட்டோகிராஃபியே தொடங்குகிறது. ஒவ்வொரு படியிலும் 90 சதவீதத்தை மீட்டாலும், ஐந்து படிகள் கடந்தபின் மிஞ்சுவது 59 சதவீதம்தான். நொதிகலனில் விளைச்சலைக் கூட்டுவதையே பெரிதாகப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை என்பது என் எண்ணம்.

எண்டோடாக்சினை நீ ஒருநாளும் இலேசாக நினைக்காதே. நீராவி அழுத்தக் கலனான ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் பாக்டீரியா செத்துவிடும். அதன் வெளியுறையிலிருக்கும் இந்த நச்சுப்பொருள் அழியாது. இரத்தத்தில் கலந்தால் காய்ச்சல் கண்டு, அளவு மிகுந்தால் உயிருக்கே ஆபத்தாகும். கண்ணாடிக் குப்பிகளை 250 டிகிரி உலர்வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்து அதைப் போக்கலாம், ஆனால் புரதம் அந்தச் சூட்டைத் தாங்காது என்பதால், மருந்திலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் பொறுப்பு முழுவதும் உங்கள் பிரிவைச் சேர்ந்தது.

பன்றி, மாட்டுக் கணையங்களிலிருந்து இன்சுலின் எடுத்த காலம் போய், பாக்டீரியாவில் உருவாக்கிய மனித இன்சுலினுக்கு அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. இன்று உன் அம்மாயி நாள்தோறும் அச்சமின்றி ஊசி போட்டுக்கொள்வது, முகம் தெரியாத யாரோ உன் இடத்தில் நின்று ஒழுங்காக வேலை செய்வதால்தான்.

ஆனாலும் நொதிகலன் தளத்தை விட்டு விலகிவிடாதே. குளுக்கோஸ் ஊட்டம் மிகுந்து பாக்டீரியாவின் கழிவான அசெட்டேட் தேங்கியதும், இடையில் ஆக்சிஜன் குறைந்ததும் அவர்களுடைய பதிவேட்டில் இருக்கும். உன்னிடம் வரும் ஒரு பேட்ச் ஏன் வேறுவிதமாக நடந்துகொள்கிறது என்பதற்கான காரணத்தைப் பல நேரம் அங்கேதான் காண்பாய். உன் குரோமட்டோகிராஃபிக் கலனில் அழுத்தம் சிறிது ஏறினாலும், அடுத்த பேட்சில் சரியாகிவிடும் என்று விடாமல், அப்போதே எழுதிவை.

ஒரே பிசினை எத்தனை பேட்ச் வரை பயன்படுத்தலாம் என்பதை உங்கள் பிரிவில் எந்தச் சோதனைகளைக் கொண்டு முடிவு செய்கிறார்கள் என்று அடுத்த கடிதத்தில் விரிவாக எழுது கண்ணு.

அன்புடன்,
அப்பா