"கூலி வேலைதாங்க" என்றால் அதோடு விடாதீர்கள்: கணக்கெடுப்புக்குப் போகும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே,

2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஆள்கணக்கு எடுக்க நீங்கள் வீடு வீடாகப் போகும்போது, தொழில் கேள்விக்குக் கிராமங்களில் அதிகம் கிடைக்கப்போகும் பதில் "கூலி வேலைதாங்க". அதை விவசாயக் கூலி என்று பதிந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவது சுலபம். கோளாறு தொடங்குவதும் அங்கேதான்.

நகராட்சியோ பேரூராட்சியோ இல்லாத ஊர் 'சென்சஸ் டவுன்' ஆக, அதாவது கணக்கெடுப்பில் நகரமாக எண்ணப்பட, மூன்று நிபந்தனைகள்: குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் (வருஷத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர்கள்) 75 சதவீதமாவது விவசாயம் அல்லாத வேலையில் இருப்பது. அடர்த்தி தமிழ்நாட்டில் பெரும்பாலும் தடையாவதில்லை. 2011-லேயே மாநிலச் சராசரி 555. 3,200 ஏக்கர் வருவாய் கிராமத்தில் பாதி ஏரியும் புறம்போக்குமாக இருந்தால்தான் சிக்கல்: 5,000 பேர் இருந்தும் அடர்த்தி 386-ல் நின்றுவிடும். மற்ற ஊர்களில் தீர்ப்பு சொல்வது அந்த 75 சதவீதம்.

ஓர் ஊரில் ஆண் முதன்மைத் தொழிலாளர்கள் 1,200 பேர் என்று வைத்துக்கொள்வோம். 900 பேர் தேவை. உண்மையில் 920 பேர் இருக்க, சென்ட்ரிங் வேலைக்கும் சுமை தூக்கவும் போகும் 30 பேரை விவசாயக் கூலியில் போட்டால் எண்ணிக்கை 890. ஊர் கிராமமாகவே நிற்கும்.

ஆகவே இரண்டு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். என்ன வேலை? போன ஒரு வருஷத்தில் எத்தனை மாதம்? ஒருவர் நான்கு மாதம் கொத்து வேலை, மூன்று மாதம் நடவு, அறுப்பு என்றால், மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டுவதால் அவர் முதன்மைத் தொழிலாளர். அதிக நாள் செய்தது கொத்து வேலை என்பதால் அவர் வருவது கணக்கெடுப்பின் 'பிற வேலை' பிரிவில். மொத்தமே ஐந்து மாதம்தான் என்றால் அவர் இந்த 75 சதவீதக் கணக்கிலேயே வரமாட்டார். வீட்டுத்தொழிலா பிற வேலையா என்ற குழப்பம் இந்தக் கணக்கைப் பாதிக்காது, இரண்டுமே விவசாயம் அல்லாதவை.

பெண்களின் உழைப்பு இந்த வரையறையில் இல்லவே இல்லை. எங்கள் பார்வையில் அது குறைதான். அதற்காக அவர்கள் பதிவில் அசட்டை வேண்டாம்.

2011-க்கான பட்டியலை 2001 தரவை வைத்தே போட்டார்கள். அப்போது தமிழ்நாட்டில் சென்சஸ் டவுன்கள் 111-லிருந்து 376 ஆயின. அதே முறை தொடர்ந்தால், இப்போது தவறும் ஊருக்கு அடுத்த வாய்ப்பு இன்னொரு கணக்கெடுப்புக்குப் பிறகுதான்.

பயிற்சி தருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: செயலியைக் காட்டும் நேரத்தில் கால் மணி நேரம் இந்தக் கேள்விக்கு ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
புவியியல் கற்பிப்போர் சிலர்