2024 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர், பொருளாளர், சக அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஹெட்போனில் கேட்பதற்கு, பழைய வானொலிகளில் இருந்த கண்ணாடிக் குழாய்களான வால்வுகளால் இயங்கும் அம்பிளிபயர் ஒன்றைச் சங்கமே செய்ய வேண்டும் என்று கடந்த பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். அது நிறைவேறியது. மாதக் கூட்டங்களில் நவம்பர்க் கூட்டம் மட்டும் நடைபெறவில்லை. அம்மாத இறுதி வெள்ளத்தில் கல்முனை, காரைதீவுப் பக்கத்து அங்கத்தவர்கள் வீட்டைக் காப்பாற்றும் பாட்டில் இருந்தார்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

சுற்று சிக்கலானதல்ல. ஈசிசி 82, ஈசிசி 88 இரண்டும் ஒரே கண்ணாடிக்குள் இரு வால்வுகள் அடங்கிய வகைகள். இடம், வலம் ஒவ்வொரு பக்கத்துக்கும், ஒலியைப் பெருக்க ஈசிசி 82 வால்வில் ஒரு பாதி. ஹெட்போனை இயக்க ஈசிசி 88 வால்வின் இரு பாதிகளும் சமாந்தரமாக, வெளியீடு இலத்திரன்களை வெளிவிடும் முனையான கதோட்டிலிருந்து. தடையிகளும் கொள்ளளவிகளும் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து வந்தன. வால்வுகள் சுலோவாக்கியாவில் இன்றும் தயாராகின்றவை. பழைய ஐரோப்பிய வால்வுதான் வேண்டும் என்று ஒரு சாரார் கடைசிவரை விடவில்லை.

முதன்முதலாக மின்சாரம் கொடுத்த மாலையில் பாட்டைவிட ரீங்காரமே உரத்துக் கேட்டது. உடனே வால்வை மாற்றுவோம் என்றார்கள். மாற்றி மாற்றிப் பார்த்தார்கள், ரீங்காரம் அசையவில்லை. பிறகுதான் அதைக் காது கொடுத்துக் கேட்டோம். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ரீங்காரம் 50 என்றால் வால்வைச் சூடாக்கும் ஹீற்றரின் வயரையோ ட்ரான்ஸ்போமரின் காந்தப்புலத்தையோ சந்தேகிக்க வேண்டும். 100 என்றால், ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் முழு அலை சீராக்கத்துக்குப் பிந்திய மின் வழங்கலையும் பூமி இணைப்பையும் பார்க்க வேண்டும். நம்முடையதில் இரண்டும் கலந்திருந்தன. ஹீற்றர் வயர்களை முறுக்கிப் பெட்டியின் மூலையோடு ஒட்டி ஓட்டி, ட்ரான்ஸ்போமரைத் தொண்ணூறு பாகை திருப்பியதும் 50 அடங்கியது. மின் வழங்கலின் முதற் கொள்ளளவிக்கு மின் ஏற்றும் துடிப்புகள் ஒலியின் பூமி வயரிலேயே ஓடிக்கொண்டிருந்தன; அந்த வயரைப் பிரித்துத் தனி வழியாக ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்தபோது மற்றதும் போயிற்று. இதற்குச் செலவு ஒரு முழம் வயர். பழைய வால்வு கேட்டவர்கள் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம்.

அடுத்த வழக்கு மத்தளத்தைப் பற்றியது. வடமோடிக் கூத்து ஒலிப்பதிவு ஒன்றை வைத்துச் சோதித்தபோது, 300 ஓம் ஹெட்போனில் மத்தளம் நெஞ்சில் இடித்தது. இளைஞர்களின் 32 ஓம் ஹெட்போனில் சல்லாரி என்ற கைத்தாளம் மட்டும் துள்ளியது. காரணம், நேரோட்டத்தைத் தடுத்து ஒலியை மட்டும் ஹெட்போனுக்கு விடும் வெளியீட்டுக் கொள்ளளவி. பிலிம் வகைதான் உயர்ந்தது என்று 22 மைக்ரோபரட் போட்டிருந்தோம். நமது வெளியீட்டுத் தடை ஏறத்தாழ 40 ஓம். அதனுடன் 32 ஓம் சேர, 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரியத் தொடங்குகிறது. 300 ஓம் என்றால் அந்த எல்லை 21 ஹேர்ட்ஸ்தான். அதை 470 மைக்ரோபரட் மின்பகுப்புக் கொள்ளளவியாக மாற்றினோம், மத்தளம் திரும்பி வந்தது. ஆயினும் 32 ஓமில் சத்தம் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கிறது. அது இந்தச் சுற்றின் குணம், குறையல்ல. பெரிய கொள்ளளவியால் சுவிட்ச் போட்டதும் ஹெட்போனில் பலத்த 'டப்' எழுவதால், வெளியீட்டுக்குக் குறுக்கே ஒரு தடையி வைத்திருக்கிறோம். வால்வு சூடாகும்வரை ஹெட்போனைச் செருக வேண்டாம்.

உள்ளே இருப்பது 200 வோல்ற்றுக்கு மேல். பிளக்கைக் கழற்றிய பின்னும் கொள்ளளவிகளில் மின் தேங்கியிருக்கும். அதை வடிக்கும் தடையி பொருத்தப்பட்டிருந்தாலும், மல்டிமீற்றரால் அளக்காமல் கைவைக்கக் கூடாது, தனியாளாக மூடியைத் திறக்கக் கூடாது என்று செயற்குழு விதித்திருக்கிறது. கடற்காற்றில் வால்வுக் கால்கள் கறுத்துக் கரகரக்கின்றன. அவற்றை ஐசோபுரோப்பைல் மதுசாரத்தால் துடைக்கும் பொறுப்பை ஏற்க ஒருவர் தேவை. இதுவரை யாரும் கை உயர்த்தவில்லை.

வரும் ஆண்டுக்கு ஒரு பிரேரணை உண்டு. பாடசாலை மாணவர்களுக்காக, ஈசிசி 82 வால்வையும் ஐஆர்எப் 510 என்ற மொஸ்பெற் வகை ட்ரான்சிஸ்டரையும் இணைத்து 12 வோல்ற்றிலேயே இயங்கும் சிறிய அம்பிளிபயர். அந்த வால்வின் ஹீற்றரே 12.6 வோல்ற்றுக்கானது என்பதால் ஒரே வழங்கல் போதும், உயிராபத்தும் இல்லை. மொஸ்பெற் கலந்தால் அது வால்வு அம்பிளிபயரே அல்ல என்று மூத்த அங்கத்தவர்கள் சிலர் ஆட்சேபிக்கிறார்கள். நான் பிரேரணைக்கு ஆதரவானவன். மொஸ்பெற் நன்றாகச் சூடேறும் என்பதால், இன்று முன்மொழிபவர் வெப்பம் கடத்தும் அலுமினியத் தகட்டின் விலையையும் சேர்த்தே சபையில் சொல்லும்படி பொருளாளர் கேட்டிருக்கிறார்.

செயலாளர்
மட்டக்களப்பு